அங்கால கொஞ்சம் நிப்பம்

அவர் வான் ஓட்டிய நான்கு வருடங்களில் நாங்கள் ஓர் இடத்துக்காவது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து வந்து காரணம் கேட்கிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பாலத்தில் நெரிசல் என்பேன். ரயர் காற்றுப் போய்விட்டது என்பேன். ஒரே வானுக்கு எத்தனை தரம்தான் காற்றுப் போகும்? உண்மையைச் சொன்னால் என்னைத்தான் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். உண்மை இதுதான்: எங்கள் சாரதி போகிற இடமெல்லாம் கொஞ்சம் நிற்பார்.

"கொஞ்சம் நிப்பம் தங்கச்சி."

காலையில் இது, மத்தியானம் இது, பின்னேரமும் இது. என்னுடைய பதிலும் மாறாது. "நேரமாகுது, எடுங்கண்ணன்." நாளுக்கு இருபது தரமாவது சொல்லியிருப்பேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அந்த வேலையில் நான் பழகிக்கொண்ட ஒரே மந்திரம் அது என்று நினைக்கிறேன்.

சுனாமியில் கடல் வந்துபோன அடுத்த வருடம். மட்டக்களப்பில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் ஒரு நிறுவனத்தின் பலகை இருந்த காலம். எங்களுடையது அவற்றில் சின்னது. காகிதத்தில் மூன்று வேலைகள். தகரக் கொட்டில் முகாம்களில் இருந்த பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவது. பின்னேரத்தில் அவர்களுக்குப் படிப்பும் விளையாட்டும் நடத்துவது. வேலையில்லாமல் இருந்த இளம் ஆட்களுக்கு வாகனம் ஓட்டப் பழக்கி லைசன் எடுத்துக் கொடுப்பது. அறிக்கையில் நாலாவதாகக் 'குடும்ப ஆதரவு' என்று ஒரு வரி இருக்கும். முகாமில் தாய்மார் என் கையைப் பிடித்து அழுவதற்குத்தான் அந்தப் பெயர். இத்தனைக்கும் ஒரு பழைய வான், ஒரு சாரதி, நான்.

அவருக்கு ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். மெலிந்த ஆள். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கி நக்கிப் பிளேன்டீ குடிப்பார். ஒரு பிளேன்டீ கால் மணித்தியாலம் போகும். கோபம் வராத மனிதர் என்று சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு மிஸ் என்பார், அவ்வளவுதான். முன்பு சொந்தமாக வான் வைத்துக் கல்முனைக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் ஆள் ஏற்றியவர். வானைக் கடல் கொண்டுபோய்விட்டது. எங்களிடம் சம்பளத்துக்கு வந்தார்.

முகாமில் அவர் நிற்கிற அழகைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஏறி முடிந்துவிடும். கதவைச் சாத்த மாட்டார். இறங்கி, வானைச் சுற்றிக்கொண்டு வந்து, பக்கக் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கொட்டில்களைப் பார்த்தபடி நிற்பார்.

"எல்லாரும் ஏறியாச்சு. ஆருக்கு நிக்கிறீங்க?"

"அந்தக் கடைசிக் கொட்டில் புள்ள வரல்ல."

"அதுதான் தாய்ர ஆக்களோட வாழைச்சேனைக்குப் போயிற்றே. போன கிழமையே பேரை வெட்டிப்போட்டன்."

"தெரியும்."

"மறுகா என்னத்துக்கு?"

"சில நேரம் திரும்பி வந்திரிக்கும். கொஞ்சம் நிப்பம்."

பிள்ளை திரும்பி வரவில்லை. பாடசாலையில் காலைக் கூட்டம் முடிந்துவிடும். அதிபர் என்னை வாசலில் வைத்தே பேசுவார். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், தேவாரம் பாடாமல் தப்பிவிட்டார்கள். வானில் திரும்பி வரும்போது நான் வாயை மூடாமல் ஏசிக்கொண்டே வருவேன். அவர் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். கடைசியில், "மிஸ் சொல்றது சரிதான்" என்பார். அடுத்த நாள் காலையில் அதே கதவு, அதே கை.

ஒரு நாள் நடந்ததை மட்டும் இன்றுவரைக்கும் என்னால் ஒரு பக்கமாக வைத்துவிட முடியவில்லை.

கடல் வருகிறது என்று அந்த வருடம் முழுக்கக் கதை கிளம்பும். யாரோ ஒருவர் சைக்கிளில் கத்திக்கொண்டு போனால் போதும், ஊரே சட்டி பானையை விட்டுவிட்டு ஓடும். அன்றைக்கு நாங்கள் முகாமில் பந்து விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தோம். "கடல் வருது! கடல் வருது!" பிள்ளைகளை அள்ளி வானுக்குள் போட்டேன். பன்னிரண்டு பேர். ஒரு பெண் பிள்ளை குறைந்தது. அவர் என்ஜினைப் போட்டார். இறங்கினார். பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

முகாமே ஓடுகிறது. மற்ற வாகனங்களெல்லாம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டன. வானுக்குள் பன்னிரண்டு பிள்ளைகளும் அலறுகின்றன. "நேரமாகுது, எடுங்கண்ணன்! எடுங்க!" என்று கத்தினேன். அவருடைய தோளில் ஓங்கி அடித்தேன். ஆம், அடித்தேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஒரு புள்ள வரணும்" என்றார். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. அந்தப் பிள்ளை மலசலகூடத்துக்குப் பின்னால் பயத்தில் ஒளிந்திருந்ததாம். பிறகு தானாகவே ஓடி வந்து ஏறியது. அப்புறம்தான் கதவைச் சாத்தினார்.

கடல் வரவில்லை. பொய்க் கதை. வாவிப் பாலத்தைத் தாண்டி வானை நிறுத்தினார்.

"உண்மையாக் கடல் வந்திருந்தா?" என்று கேட்டேன். "பன்னிரண்டு புள்ளையளும் நானும் போயிருப்பமே. ஒண்டுக்காக."

"வந்திருந்தாலும் நிண்டிருப்பன் தங்கச்சி" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் மதிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தப் பெண் பிள்ளையின் தாய் அவருடைய காலில் விழுந்து கும்பிட்டாள். மற்றப் பன்னிரண்டு தாய்மாருக்கும் நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம்?

பிள்ளைகளுக்காக நிற்பதையாவது ஒருமாதிரிப் பொறுத்துக்கொள்ளலாம். சென்றியில் அவர் நிற்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் காலத்தில் சென்றி என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன், ஆமிக்காரர் வீதியை மறித்துச் சோதிக்கிற இடம். சென்றி வந்ததும் வானில் இருக்கிறவர்கள் எல்லோரும் இறங்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். வான் வெறுமையாகச் சென்றியைக் கடந்து போய் அங்காலே நிற்கும். ஆட்கள் நடந்து வந்து திரும்ப ஏறுவார்கள். கிழக்கில் பிறந்த எவருக்கும் இந்த நடை பழக்கம்தான்.

நிறுவன வாகனம் என்பதால் எங்களை இறக்க மாட்டார்கள். எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். மற்றச் சென்றிகளில் அவரும் போய்விடுவார். வடக்கு நோக்கிப் போகும் வீதியில், ஒரு மருதமரத்தடியில் இருந்த சென்றியில் மட்டும் அப்படியில்லை. "போ, போ" என்று கைகாட்டிய பிறகும், அதைத் தாண்டி இருபது முப்பது அடி போய் ஓரங்கட்டுவார். இறங்குவார். பக்கக் கதவைத் திறப்பார். ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்ப்பார். சாத்திவிட்டு வந்து ஏறுவார்.

"கதவு சரியாப் பூட்டுப்படல்ல" என்பார். கதவில் ஒரு குறையும் இல்லை, கிழமைக்கு ஒரு தரம் அதற்கு எண்ணெய் விடுகிறவரே அவர்தான்.

பழைய பயம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வான் ஓட்டின காலத்தில் அடி வாங்கியிருப்பார், பாவம். பயிற்சிப் பட்டறைகளில் படித்த சொற்களெல்லாம் என்னிடம் கைவசம் இருந்தன. ஆனால் பயந்தவன் சென்றிக்கு முன்னால்தானே தயங்குவான்? தாண்டின பிறகு ஏன் நிற்கிறான்? இந்தச் சின்னக் கேள்வி நான்கு வருடத்தில் ஒரு நாளாவது என் மண்டைக்குள் வரவில்லை. அவ்வளவு அலுவல் எனக்கு.

பிறகு சண்டை முடிந்தது. அந்தச் சென்றியைக் கழற்றினார்கள். மண்மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் வெறும் மணல். அவர் அப்போதும் மரத்தைத் தாண்டிப் போய் நின்றார், இறங்கினார், கதவைத் திறந்தார்.

நிறுவனத்துக்கும் அலுத்துவிட்டது. பாடசாலை ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கடைசி வருடம் வாகனப் பயிற்சி மட்டும் போதும் என்றார்கள். அந்தப் பயிற்சிக்கு வந்தவள்தான் றஞ்சினி. இருபத்தாறு வயது, தன்னாமுனைப் பக்கம். புருஷன் சண்டையில் போய்விட்டான், கையில் ஒரு பெண் குழந்தை. ஒரு முன்பள்ளியில் பிள்ளைகளை ஏற்றுகிற வானுக்கு ஆள் தேடினார்கள். பெண் சாரதி என்றால் தாய்மார் நம்பி அனுப்புவார்கள் என்று அவளைக் கேட்டிருந்தார்கள். மாதம் முடிய முன் லைசன் வேண்டும். அவளுக்கு அதைவிட்டால் வெளிநாடுதான், குழந்தையை விட்டுவிட்டு. அவள் இதை என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். அவரிடமும் சொல்லியிருப்பாள்.

நல்லாகப் பழகினாள். கிளச் எடுக்கிற பக்குவம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. அவர் பக்கத்தில் இருந்து, "இடப்பக்கம் ஸ்டேரிங்கக் கிறுக்கு. அவசரப்படாத. அங்கால கொஞ்சம் நிப்பம்" என்று சொல்லிக்கொண்டே வருவார். மருதமரத்தைத் தாண்டினதும் அவளும் நிறுத்துவாள், இறங்குவாள், பக்கக் கதவைத் திறப்பாள், மூடுவாள், ஏறுவாள். பாடத்தில் அதுவும் ஒரு பகுதி என்றே நினைத்திருக்கிறாள். கண்ணாடி பார், சிக்னல் போடு, மரத்தைத் தாண்டினால் நில்.

லைசனுக்கான அவளுடைய ட்ரயல் அந்த வீதியால்தான் போனது. பரீட்சகர் பக்கத்தில் இருந்தார். எல்லாம் ஒழுங்காக ஓட்டிக்கொண்டு போனவள் மரத்தைத் தாண்டி ஓரங்கட்டினாள். கைப்பிரேக்கை இழுத்தாள். இறங்கப் போனாள்.

"எங்க போறீங்க?" என்று கேட்டிருக்கிறார் பரீட்சகர்.

"கதவு துறக்க, சேர்."

"ஆரு ஏறப் போறாங்க?"

ஃபெயில். காரணமில்லாமல் நடு ஓட்டத்தில் வாகனத்தை விட்டு இறங்கினாள் என்று எழுதிவிட்டார்கள். பரீட்சகர் செய்ததில் பிழையில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அடுத்த ட்ரயல் மூன்று கிழமைக்குப் பிறகு. றஞ்சினி அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் இருந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் போனதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"உங்கட விசர் வேலைய அந்தப் புள்ளைக்கும் படிப்பிச்சு வெச்சிருக்கீங்களே அண்ணன்! அவள்ர வாழ்க்கை இது. விளங்குதா உங்களுக்கு?"

"ஓம் மிஸ்" என்றார்.

அன்று பின்னேரமே கொழும்புக்குக் கடிதம் எழுதினேன். சாரதியின் ஒப்பந்தத்தை நீடிக்கத் தேவையில்லை. நேர ஒழுங்கு இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லியும் திருந்தவில்லை. எழுதும்போது தயங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதத்தோடு நிற்கலாம் என்று பதில் வந்தது. நானே அவர் கையில் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் வந்தாறுமூலையில் ஒரு கூட்டம். முடிந்து திரும்பி வருகிறோம், அவரும் நானும் மட்டும். மருதமரம் வந்தது. வானை ஓரங்கட்டினார். இன்றைக்குமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேரமாகுது, எடுங்கண்ணன்."

அவர் இறங்கவில்லை. என்ஜினை நிறுத்தினார். அந்த இடத்தில் ஒரு நாளும் அவர் என்ஜினை நிறுத்தினதில்லை.

"அண்டைக்கும் இந்தச் சொல்லத்தான் சொன்னாங்க தங்கச்சி" என்றார்.

"ஆரு சொன்னாங்க?"

"என்ர வானில இருந்த ஆக்கள். குருக்கள்மடத்தில ஒரு பொடியன் ஏறினான். வந்தாறுமூலைக் கம்பசில படிக்கப் பதியப் போறானாம். மடியில ஒரு ஃபைல். இஞ்ச எல்லாரும் இறங்கி நடந்தாங்க. நான் வானக் கொண்டுபோய் அங்கால நிப்பாட்டினன். எல்லாரும் வந்து ஏறிற்றாங்க, அவன் மட்டும் வரல்ல. கிறுகிப் பாத்தன். மரத்துக்குக் கீழ வெச்சிருக்காங்க. என்னப் பாத்துக் கையக் காட்டினான், நில்லுங்க எண்டு. அங்க நிண்ட ஒருத்தன், நீ போ, அவன் பிறகு வாறது எண்டான். வானுக்குள்ள எல்லாரும் ஒரே சத்தம். நேரமாகுது, எடுங்க. நேரமாகுது, எடுங்க. எடுத்திற்றன்."

ஒரு லொறி எங்களைக் கடந்து போனது.

"பின்னேரம் திரும்பி வரக்குள்ள கேட்டன். வேற ஆக்கள் நிண்டாங்க. அப்படி ஒருத்தரும் இல்ல எண்டாங்க. ஃபைல் சீட்டில கிடந்திச்சு. அதில பேரும் விலாசமும் இருந்திச்சு. அடுத்த நாள் விடிய வெள்ளாப்பில கொண்டுபோய்த் தாய்ர கையில குடுத்தன். அவ ஏசல்ல, அழவும் இல்ல. ஒண்டே ஒண்டுதான் கேட்டா. கொஞ்சம் நிண்டு பாத்திருக்கலாமே மனே எண்டா."

"அந்த அம்மா இப்ப..." என்றேன்.

"கடல் வந்த அண்டைக்கு அவவும் போயிற்றா. இனி அவன் வந்தாலும் அவனுக்காக நிக்கிறதுக்கு என்ன விட்டா ஆள் இல்ல."

பிறகு இறங்கிப் போனார். பக்கக் கதவைத் திறந்தார். ஒரு நிமிடம் நின்றார். சாத்தினார். அன்றைக்கு நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

இதைக் கேட்ட பிறகு கடிதத்தைத் திரும்ப வாங்கினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். வாங்கவில்லை. கொழும்புக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். திட்டமே இரண்டு மாதத்தில் மூடப்போகிறது, எடுத்து என்ன என்று நினைத்தேன். நான்கு வருடம் எல்லோருடைய துயரத்தையும் கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துபோயிருந்தேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். மாதம் முடிந்தது, செருப்பைச் சீட்டுக்குக் கீழிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, "வாறன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

றஞ்சினி இரண்டாம் ட்ரயலில் பாஸ் பண்ணினாள். அது எப்படி என்று அவளே பிறகு எனக்குச் சொன்னாள். வேலை போன பிறகும் அவர் யாருடைய வானையோ கேட்டு வாங்கிக்கொண்டு தினமும் அவளைக் கூட்டிப் போயிருக்கிறார். அதே வீதி, அதே மரம். மரம் வரும்போதெல்லாம், "நில்லாத புள்ள, போ. நில்லாத, போ" என்று சொல்லிக்கொண்டே வருவாராம். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வாராம். முன்பள்ளிக்காரரும் அவளுக்காக மூன்று கிழமை பொறுத்திருந்தார்கள். "ட்ரயல் முடிஞ்ச அண்டைக்கு வந்தார் அக்கா. 'இனி நீ ஓட்டு. அங்கால மட்டும் கொஞ்சம் நில்லு' எண்டார். கதையயும் அண்டைக்குத்தான் சொன்னார்" என்றாள் றஞ்சினி.

போன மாதம் ஒரு பயிற்சிக்காக வந்தாறுமூலைக்குப் போக வேண்டியிருந்தது. நிறுவனம் வேறு, வேலை அதேதான். றஞ்சினி இப்போது சொந்தமாக வான் வைத்திருக்கிறாள். மகள் ஏஎல் பரீட்சை எடுக்கிறாளாம். அவளுடைய வானைத்தான் பேசியிருந்தேன். போகும் வழியில் அவரைப் பற்றிக் கேட்டேன்.

"தெரியாதா அக்கா? அவர் மோசம் போய் ரெண்டு வருஷம்" என்றாள்.

செத்த வீட்டுக்கு எனக்கு யாரும் அறிவிக்கவில்லை. போனை எடுத்து, வருகிறவர்களின் பெயர்ப்பட்டியலைப் பார்க்கத் தொடங்கினேன். ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டும், எட்டு ஐம்பதாகிவிட்டது. வீதியெல்லாம் இப்போது கார்ப்பெட் தார், அகலம் கூட்டிவிட்டார்கள், எந்த ஊர் எங்கே முடிகிறது என்றும் தெரிவதில்லை. வான் நின்றது. றஞ்சினி இறங்கினாள்.

"நேரமாகுது, எடு புள்ள" என்றேன், போனைப் பார்த்தபடியே.

பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் தலையை நிமிர்த்தினேன். மருதமரம் இல்லை, வீதி அகலிக்கும்போது வெட்டியிருப்பார்கள். றஞ்சினி கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபடி நின்றாள்.